மாற்று மண், மாற்றுக் கல்: வாசகர் கேள்வி – பதில்

கிராவல், ஆற்று மணல், கருங்கல் ஜல்லி ஆகியவற்றுக்கு மாற்றாகச் சாலைக் கரைகளிலும் அடித்தளங்களிலும் எவற்றைப் பயன்படுத்தலாம் என்று கேட்டு வந்த கடிதங்களுக்கு இம்முறை இடம் ஒதுக்கியிருக்கிறோம். ஒரே பொருளைப் பற்றிய கடிதங்களை ஒன்றாகச் சேர்த்து, கேள்விகளைச் சுருக்கியுள்ளோம். பதிலளிப்பவர் எங்கள் மண் பொறியியல் ஆலோசகர்.

கேள்வி: ஐயா, எங்கள் ஊரில் கரிசல் நிலத்தின் வழியாக ஒரு கிலோமீட்டர் நீளத்துக்குச் சாலை அமைக்க இருக்கிறார்கள். கரிசலை இரண்டடி ஆழத்துக்கு வெட்டியெடுத்துவிட்டுக் கிராவல் நிரப்ப வேண்டும் என்கிறார் ஒப்பந்ததாரர். கரிசலிலேயே சுண்ணாம்பைக் கலந்து உறுதியாக்கலாம், அதுவே சுற்றுச்சூழலுக்கு நல்லது என்கிறார் பொறியாளர். யார் சொல்வது சரி?
– கோவில்பட்டி வாசகர்

பதில்: இரண்டு வழிகளிலும் நல்ல சாலை போட முடியும். ஆனால் 'சுற்றுச்சூழலுக்கு நல்லது' என்பதை மட்டும் கணக்குப் போட்டுப் பார்க்காமல் ஏற்க இயலாது.

கரிசலின் தொல்லைக்குக் காரணம் அதிலுள்ள மான்ட்மோரில்லனைட் என்னும் களிமண் கனிமம். அதன் நுண்ணிய தகடுகளுக்கு இடையே மழைக்காலத்தில் நீர் புகுந்து மண்ணை உப்பச் செய்கிறது. கோடையில் அந்த நீர் வெளியேறியதும் மண் சுருங்கி, கை நுழையும் அளவுக்கு வெடிக்கிறது. சுண்ணாம்பு கலந்தால், முதலில் தகடுகளின் மேலுள்ள சோடியம் அயனிகளின் இடத்தைக் கால்சியம் பிடித்துக்கொள்கிறது. இதனால் சில மணி நேரத்திலேயே பசைத்தன்மை குறைந்து மண் பொலபொலப்பாகிவிடும். அதன்பின் வாரக்கணக்கில், களிமண்ணிலுள்ள சிலிக்காவும் அலுமினாவும் சுண்ணாம்புடன் வினைபுரிந்து, சிமென்டில் உண்டாவதைப் போன்ற பிணைப்பைத் தருகின்றன. இந்த இரண்டாம் வினை நடக்க மண்ணின் காரத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவு ஏறத்தாழ 12.4-ஐ எட்ட வேண்டும். மண் மாதிரியில் 2, 3, 4 என்று விழுக்காட்டை உயர்த்திக்கொண்டே போய், அந்த அளவைத் தொடும் மிகக் குறைந்த விழுக்காட்டைக் கண்டுபிடிப்பதே முதல் சோதனை. செலவு மிகக் குறைந்த இந்தச் சோதனையைத் தவிர்த்துவிட்டு, எல்லா ஊருக்கும் 5 விழுக்காடு என்று எழுதிவிடும் மதிப்பீடுகளைப் பார்க்கும்போது எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

இப்போது கணக்குக்கு வருவோம். சாலை 5 மீட்டர் அகலம் என்றும், 30 சென்டிமீட்டர் ஆழத்துக்குச் சுண்ணாம்பு கலக்கப்படுகிறது என்றும் கொள்வோம். கலக்க வேண்டிய மண் 1,500 கன மீட்டர். எடை சுமார் 2,400 டன். 5 விழுக்காடு என்றால் 120 டன் சுட்ட சுண்ணாம்பு தேவை. சுண்ணாம்புக்கல்லைச் சுடும்போது, எரிபொருளைக் கணக்கில் சேர்க்காமலேயே, கல்லிலிருந்து வெளியேறும் கரியமில வாயு ஒவ்வொரு டன் சுண்ணாம்புக்கும் 0.785 டன். ஆக, 94 டன் வாயு. மறுபக்கம், இரண்டடிக்குக் கிராவல் நிரப்ப 3,000 கன மீட்டர் வேண்டும். அது ஏறத்தாழ 1,060 யூனிட் (ஒரு யூனிட் 100 கன அடி). மூன்று யூனிட் லாரியில் 350 நடைக்குச் சற்று மேல். குவாரி 30 கிலோமீட்டரில் இருந்து, லாரி லிட்டருக்கு 4 கிலோமீட்டர் ஓடுகிறது என்று வைத்துக்கொண்டால், போக வர எரியும் டீசலால் வெளியாகும் வாயு 14 டன் அளவில்தான் இருக்கும். வெட்டியெடுத்த கரிசலை அப்புறப்படுத்தும்போது வெளியாகும் வாயுவைச் சேர்த்தாலும் சுண்ணாம்பின் கணக்கை அது நெருங்காது.

அப்படியானால் கிராவல்தான் நல்லதா என்றால், அந்தக் கிராவல் எங்கிருந்து வருகிறது என்பதில்தான் பதில் இருக்கிறது. அனுமதி பெற்ற குவாரி பக்கத்தில் இருந்தால் ஒப்பந்ததாரரின் யோசனையை நான் தள்ளிவிட மாட்டேன். கண்மாய்க் கரையையோ சிறு குன்றையோ கரைத்துத்தான் 1,060 யூனிட் வர வேண்டும் என்றால், வாயுக் கணக்கில் வராத அந்த இழப்பை எந்த ஊரும் திரும்பப் பெற முடியாது. அங்கே சுண்ணாம்பே மேல். உங்கள் ஊருக்கு மூன்றாவது வழியும் உண்டு. தூத்துக்குடி அனல் மின் நிலையச் சாம்பல் எட்டும் தொலைவில் கிடைப்பதால், சுண்ணாம்பை 3 விழுக்காட்டுக்குக் குறைத்து, 10 முதல் 15 விழுக்காடு சாம்பல் சேர்த்துச் சோதிக்கச் சொல்லுங்கள். சாம்பலில் உள்ள சிலிக்காவும் சுண்ணாம்புடன் வினைபுரிவதால், வலிமை குறையாமல் சுண்ணாம்பைக் குறைக்க வாய்ப்புண்டு. பி.எச். சோதனையில் 3 விழுக்காடு போதுமானதாகத் தெரிய வேண்டும் என்பதே நிபந்தனை.

சுண்ணாம்பு கலக்கும் முன் மண்ணில் சல்ஃபேட் அளவையும் பார்த்துவிட வேண்டும். சல்ஃபேட் கனிமமான ஜிப்சம் உள்ள களிமண்ணில் சுண்ணாம்பு சேர்ந்தால் எட்ரிங்கைட் என்னும் படிகம் வளர்ந்து, அடக்க வந்த வீக்கத்தைவிடப் பெரிய வீக்கத்தை உண்டாக்கும். அமெரிக்காவின் லாஸ் வேகஸ் நகரில் ஸ்டூவர்ட் அவென்யூ சாலை இப்படித்தான் தூக்கியடித்துப் பாழானது. 1988இல் வெளியான அதன் ஆய்வு இன்றும் எங்கள் துறையில் எல்லோரும் படிக்கும் பாடம். பெரம்பலூர், அரியலூர்ப் பக்கத்துக் களிமண்ணில் ஜிப்சம் முடிச்சுகள் கிடைப்பது பலரும் அறிந்ததே என்பதால், அந்தப் பகுதி வாசகர்களும் இதைக் குறித்துக்கொள்வது நல்லது.

கேள்வி: எங்கள் மனை சாலை மட்டத்தைவிட நான்கடி தாழ்வாக இருக்கிறது. அனல் மின் நிலையச் சாம்பல் மலிவாகக் கிடைக்கிறது, அதைக் கொட்டி நிரப்பிக்கொள்ளலாம் என்று சொல்கிறார்கள். மனையில் குடிநீர்க் கிணறும் உள்ளது. நிரப்பலாமா?
– மேட்டூர் வாசகி

பதில்: அம்மா, கிணறு இருக்கும் மனையில் வேண்டாம். சாம்பலில் ஆர்சனிக், செலினியம் போன்றவை சிறிதளவு உண்டு. மழைநீர் ஊறி இறங்கும்போது அவை கரைந்து நிலத்தடி நீரில் சேர வாய்ப்பிருக்கிறது. தாழ்வான நிலங்களைச் சாம்பலால் நிரப்ப மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் முன் அனுமதி தேவை என்பதையும், லாரியில் கொண்டுவந்து கொட்டுபவர் பெரும்பாலும் அதைச் சொல்ல மாட்டார் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் இதே சாம்பல் சாலைக் கரைக்கு மிக நல்ல பொருள். நன்றாக இறுக்கிய சாதாரண மண் ஒரு கன மீட்டருக்கு 1,600 முதல் 2,100 கிலோ வரை எடையிருக்கும். சாம்பல் 900 முதல் 1,600 கிலோதான். அடியில் சேறான களிமண் இருக்கும் இடத்தில் கரை கட்டும்போது இந்த எடைக் குறைவால் அமிழ்வும் குறைகிறது. டெல்லியில் யமுனையின் வெள்ளச் சமவெளியில், இரண்டாம் நிசாமுதீன் பாலத்தின் அணுகுசாலைக் கரையை 1990களின் இறுதியில் ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் கன மீட்டர் குட்டைச் சாம்பலைக் (மின் நிலையத்தின் சாம்பல் குட்டையில் தேங்கிய சாம்பல்) கொண்டுதான் கட்டினார்கள். அங்கே கடைப்பிடித்த முறைகள் இந்திய சாலைப் பேராயத்தின் எஸ்.பி. 58 வழிகாட்டியில் உள்ளன: சாம்பலைத் தனியே விடாமல் பக்கச் சரிவுகளில் ஒரு மீட்டரோ அதற்கு மேலோ மண்ணால் மூட வேண்டும், கரை உயரமாக இருந்தால் இடையிடையே மண் அடுக்கு தர வேண்டும், ஈரம் காயாமல் ரோலர் ஓட்ட வேண்டும். மூடாமல் விட்ட சாம்பல் கரையை ஒரு மழையே அரித்துவிடும். கோடையில் காற்று அதைத் தூசியாக ஊருக்குள் கொண்டுவந்து சேர்க்கும்.

இறுக்காமல் நீரில் ஊறிக் கிடக்கும் சாம்பல் திடீரென்று குழம்பாகப் பாயக்கூடியது. 2008 டிசம்பர் 22 அன்று அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் கிங்ஸ்டன் அனல் மின் நிலையத்தின் சாம்பல் குட்டை உடைந்து 40 இலட்சம் கன மீட்டருக்கும் மேற்பட்ட சாம்பல் சேறு வெளியே பாய்ந்தது. ஆகவே சாம்பலைக் கொட்டினால் போதும் என்று நினைப்பவர்களிடம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

எல்லாச் சாம்பலும் ஒன்றல்ல என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். நிலக்கரியை எரிக்கும் மேட்டூரிலும் எண்ணூரிலும் தூத்துக்குடியிலும் கிடைப்பது சிலிக்கா மிகுந்த சாம்பல். சுண்ணாம்போ சிமென்டோ சேர்ந்தால்தான் இறுகும். நெய்வேலியின் பழுப்பு நிலக்கரிச் சாம்பலில் சுண்ணாம்பு அதிகம் இருப்பதால், நீர் பட்டதும் தானாகவே இறுகத் தொடங்கும். ஓர் ஊரின் சாம்பலுக்குச் செய்த சோதனையைக் காட்டி இன்னோர் ஊரின் சாம்பலை இறக்குவது தவறு. 2021 டிசம்பரில் மத்திய அரசு வெளியிட்ட அறிவிக்கை, மின் நிலையங்கள் முழுச் சாம்பலையும் பயன்பாட்டுக்குத் தர வேண்டும் என்றும், தவறினால் டன்னுக்கு 1,000 ரூபாய் இழப்பீடு என்றும் விதித்திருப்பதால், இனி உங்களைத் தேடியும் சாம்பல் வரும். அது மலிவாகக் கிடைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

கேள்வி: பழைய லாரி டயர்களை நறுக்கித் தடுப்புச் சுவரின் பின்புறம் நிரப்பினால் எடை குறையும் என்று படித்தேன். உண்மையா?
– கரூர் வாசகர்

பதில்: உண்மைதான்; நீரும் எளிதில் வடியும், சுவர் மீதான அழுத்தமும் குறையும். ஆனால் அடுக்கின் தடிமனில் கட்டுப்பாடு வேண்டும். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் 8 மீட்டருக்கும் மேற்பட்ட தடிமனில் டயர்த் துண்டுகளை நிரப்பிய இரண்டு சாலைக் கரைகள் 1995–96 காலத்தில் உள்ளுக்குள் சூடேறிப் புகைந்தன. வெளிநீட்டிய எஃகுக் கம்பிகள் துருப்பிடிக்கும்போது உண்டாகும் வெப்பம் வெளியேற வழியில்லாமல் போனது முக்கியக் காரணமாகச் சொல்லப்படுகிறது. அதன் பிறகுதான் ஓர் அடுக்கு 3 மீட்டருக்கு மேல் போகக் கூடாது, நுண்துகள்களும் தளர்ந்த கம்பிகளும் குறைவாக இருக்க வேண்டும் என்ற விதிகள் வந்தன. சிறிய சுவராக இருந்தால் பொறியாளரைக் கொண்டு செய்யலாம். நறுக்காத முழு டயர்களை மண்ணோடு புதைப்பது வேறு முறை, இங்கே சொன்னது அதற்குப் பொருந்தாது.

கேள்வி: தென்னைநார் விரிப்பைச் சாலைக்கு அடியில் போடுகிறார்கள். நார் சில ஆண்டுகளில் மக்கிவிடுமே, பிறகு சாலை என்னவாகும்? தென்னைநார்க் கழிவுத் தூளையும் நிரப்பு மண்ணாகப் பயன்படுத்தலாமா?
– பொள்ளாச்சி வாசகர்கள் இருவர்

பதில்: மக்கும் என்பதைத் தெரிந்துகொண்டேதான் போடுகிறோம். சேறான களிமண் மேல் கரை கட்டும்போது ஆபத்தான காலம் தொடக்கம்தான். கரையின் எடையால் களிமண்ணிலுள்ள நீர் மெல்ல வெளியேற, மண் மாதத்துக்கு மாதம் வலுப்பெறுகிறது. ஓரிரு ஆண்டுகளில் தன் காலில் நின்றுவிடுகிறது. அதுவரை மேலுள்ள ஜல்லி கீழுள்ள சேற்றில் புதையாமல் பிரித்து வைப்பதும், இழுவிசையைத் தாங்குவதும் விரிப்பின் வேலை. தென்னைநாரில் எளிதில் மக்காத லிக்னின் என்னும் பொருள் மிகுதியாக இருப்பதால் மற்ற இயற்கை நார்களைவிட அது மெதுவாகவே மக்குகிறது. சாலைச் சரிவில் விரித்தால், புல் வேர் பிடிக்கும்வரை மழை அரிப்பைத் தடுத்துவிட்டு, பிறகு மண்ணோடு மண்ணாகிவிடும். பாலிப்ரொப்பிலீன் விரிப்பைப் போல நெகிழித் துகளாகத் தங்காது. 1980களில் சிங்கப்பூரில் தென்னைநார்க் கயிறுகளைச் சணல் துணியால் சுற்றி, களிமண்ணில் செங்குத்தாகச் செருகும் வடிகால்களாகவே பயன்படுத்தியிருக்கிறார்கள்.

இந்தியாவில் 2020 நவம்பரில் பிரதமர் கிராமச் சாலைத் திட்டத்தின் மூன்றாம் கட்டத்தில் தென்னைநார் விரிப்புக்கு ஒப்புதல் கிடைத்து, ஏழு மாநிலங்களில் 1,674 கிலோமீட்டருக்கு அறிவிக்கப்பட்டது. அதில் தமிழ்நாட்டின் பங்கு 369 கிலோமீட்டர். நிரந்தரமாக இழுவிசை தாங்க வேண்டிய வலுவூட்டிய மண் சுவர்களுக்கு மட்டும் இதை யாரும் பரிந்துரைக்கக் கூடாது.

கழிவுத் தூளைப் பொறுத்தவரை, அது பயிருக்கு நல்லது, பாரம் தாங்காது. அமுங்கும், நீரை இழுத்து வைத்துக்கொள்ளும், மக்கும். நிரப்பு மண்ணுக்கு ஆகாத மூன்று குணங்களும் அதற்கு உண்டு.

கேள்வி: நுண்ணுயிர்களைக் கொண்டு மணலைக் கல்லாக்கும் முறையை என் இறுதியாண்டுத் திட்டமாக எடுத்திருக்கிறேன். சிமென்டுக்கு இது மாற்றாகிவிடுமா?
– திருச்சி, பொறியியல் கல்லூரி மாணவி

பதில்: நல்ல தலைப்பு. ஸ்போரோசார்சினா பாஸ்டியூரி என்னும் பாக்டீரியா யூரியாவைச் சிதைக்கும்போது உண்டாகும் கார்பனேட், கரைசலிலுள்ள கால்சியத்துடன் சேர்ந்து மணல் துகள்களுக்கு இடையே கால்சைட்டாக, அதாவது சுண்ணாம்புக்கல்லில் உள்ள கனிமமாகப் படிகிறது. நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகர ஆய்வாளர்கள் 100 கன மீட்டர் மணலில் இதைச் செய்துகாட்டி 2010இல் வெளியிட்டார்கள். ஆகவே இது குவளைக்குள் மட்டும் நடக்கும் வித்தை அன்று.

சிமென்டைச் சுடவில்லை என்பதாலேயே இதைப் பசுமை என்று அறிக்கையில் எழுதிவிடாதே அம்மா. ஒரு கன மீட்டர் மணலில் 100 கிலோ கால்சைட் படிய வேண்டுமானால், வேதிச் சமன்பாட்டின்படி 60 கிலோ யூரியா வேண்டும்; அதாவது கடையில் விற்கும் 45 கிலோ மூட்டையில் ஒன்றேகால் மூட்டைக்கும் மேல். அந்த யூரியா இயற்கை எரிவாயுவிலிருந்து வருகிறது. வினையின் முடிவில் 36 கிலோ அம்மோனியம் நிலத்தடி நீரில் மிஞ்சும். அதைக் கழுவி எடுத்துச் சுத்திகரிக்காவிட்டால் பக்கத்துக் குளத்தில் ஆகாயத்தாமரை செழிக்கும். பாக்டீரியா நுழைய முடியாத அளவுக்குக் களிமண்ணின் துளைகள் சிறியவை என்பதால் இது மணலுக்கே ஏற்றது. கடலோர மணற்பகுதியில் நிலநடுக்கத்தின்போது மணல் குழம்பாவதைத் தடுப்பது, மணற்குன்றின் மேற்பரப்பை இறுக்குவது போன்ற, மெல்லிய பிணைப்பே போதுமான வேலைகளில் இதற்கு எதிர்காலம் உண்டு என்பது என் கருத்து. கடைக்காலுக்குச் சிமென்டின் இடத்தை இது பிடிக்காது. உன் திட்டத்தில் அழுத்த வலிமையை மட்டும் அளக்காமல், வெளியேறும் நீரில் அம்மோனியத்தையும் அளந்து எழுது. நூற்றுக்கணக்கான கட்டுரைகள் முதல் அளவோடு நின்றுவிடுகின்றன. பாக்டீரியாவுக்குப் பதிலாகச் சோயாவிலிருந்து எடுத்த யூரியேஸ் நொதியையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

கேள்வி: பழைய வீட்டை இடித்த கான்கிரீட்டையும் செங்கலையும் புதிய கட்டடத்தின் அடித்தளத்தில் சேர்க்கலாமா?
– சென்னை, சிறு ஒப்பந்ததாரர்

பதில்: கலந்து கிடப்பதைச் சேர்க்கக் கூடாது, பிரித்தால் சேர்க்கலாம். ஐ.எஸ். 383 தரநிலையின் 2016ஆம் ஆண்டுப் பதிப்பு, கான்கிரீட்டை மட்டும் உடைத்துச் சலித்த ஜல்லியைச் சாதாரணக் கான்கிரீட்டில் 25 விழுக்காடு வரையும், எம்25 என்னும் வலிமைத் தரம் வரையிலான கம்பி கட்டிய கான்கிரீட்டில் 20 விழுக்காடு வரையும், அடியில் போடும், சிமென்ட் குறைந்த மெலிந்த கான்கிரீட்டில் முழுமையாகவும் அனுமதிக்கிறது. செங்கல் துண்டு நீரை உறிஞ்சும், எளிதில் நொறுங்கும். அதைத் தரைக்கு அடியிலான நிரப்புக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் இடிபாடுகளை உடைத்துப் பிரிக்கும் ஆலைகள் இருப்பதால், சென்னையில் இருப்பவர் இதற்குச் சாக்குச் சொல்ல முடியாது.

ஓர் இடத்தில் மட்டும் கான்கிரீட் ஜல்லியை நான் தவிர்ப்பேன்: தடுப்புச் சுவரின் பின்னுள்ள வடிகால் அடுக்கு. பழைய சிமென்டிலிருந்து கரையும் சுண்ணாம்பு, காற்று பட்டதும் வெள்ளைப் படிவாகி, துளைகளையும் வடிகட்டித் துணியையும் அடைத்துவிடும். நீர் வடியாத சுவர் நீண்ட நாள் நிற்காது.

கேள்வி: நான் அரசுப் பணியில் உதவிப் பொறியாளர். விலை அட்டவணையில் இல்லாத பொருளை மதிப்பீட்டில் எழுதினால் தணிக்கையில் கேள்வி வரும். இந்த நிலையில் புதிய பொருள்கள் எப்படி நடைமுறைக்கு வரும்?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: உங்கள் தயக்கத்தில் நியாயம் இருக்கிறது. சாலை ஐந்தாம் ஆண்டில் வெடித்தால் கையெழுத்திட்டவரைத்தான் கேட்பார்கள். புதிய பொருளைப் பற்றிக் கருத்தரங்கில் பேசியவரை யாரும் கேட்பதில்லை. ஆனாலும் வழி இல்லாமல் இல்லை. இந்திய சாலைப் பேராயம் புதிய பொருள்களைப் பரிசீலித்து அங்கீகரிக்கும் ஏற்பாட்டை வைத்திருக்கிறது. கிராமச் சாலைத் திட்டத்தில் 15 விழுக்காடு நீளம் புதிய தொழில்நுட்பத்தில் அமைய வேண்டும், அதில் 5 விழுக்காடு பேராயம் அங்கீகரித்த பொருள்களுக்கு என்ற விதியின் கீழ்தான் மேலே சொன்ன தென்னைநார் விரிப்பு நுழைந்தது. அங்கீகாரச் சான்றை மதிப்பீட்டுடன் இணைத்தால் தணிக்கைக் கேள்வியில் பாதி அடங்கிவிடும்.

மீதிப் பாதிக்குச் சூரத் நகரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே ஹஜிரா பகுதியில் 2022இல் திறக்கப்பட்ட ஆறு வழிச் சாலையின் அடுக்குகள் அனைத்திலும் இயற்கை ஜல்லிக்குப் பதிலாக, பதப்படுத்திய எஃகுக் கசடே சேர்ந்திருக்கிறது. அளவு ஏறத்தாழ ஒரு இலட்சம் டன். மத்தியச் சாலை ஆய்வு நிறுவனம் அதை வடிவமைத்தது. கசடில் வினைபுரியாத சுண்ணாம்பு தங்கியிருந்தால் ஈரம் பட்டு வீங்கும் என்பதால், அதை முன்கூட்டியே பதப்படுத்தி வீக்கத்தை அடக்கிய பிறகுதான் சாலைக்குக் கொண்டுவர முடியும். நீளம் ஒரு கிலோமீட்டர் அளவுதான் என்பதைக் கவனியுங்கள். சிறிதாகத் தொடங்கியதால்தான் அனுமதி எளிதாகக் கிடைத்தது என்று நான் நினைக்கிறேன்.

நீங்களும் உங்கள் பிரிவில் 200 மீட்டருக்குச் சோதனைத் துண்டு ஒன்றை எழுதலாம். அதை ஒட்டியே, அதே மண்ணில், அதே போக்குவரத்தில், வழக்கமான முறையில் போட்ட 200 மீட்டரும் இருக்க வேண்டும். ஒப்பிட எதுவும் இல்லாத சோதனைத் துண்டால் பயனில்லை. ஒப்பந்தத்தில் 'இத்தனை விழுக்காடு சாம்பல்' என்று எழுதுவதைவிட, நான்கு நாள் நீரில் ஊறிய மண்ணின் சி.பி.ஆர். (பாரம் தாங்கும் திறனைக் காட்டும் அளவு), வீக்க அளவு, கரைந்து வெளியேறும் உலோகங்களின் வரம்பு ஆகியவற்றை எழுதுங்கள். கழிவுப் பொருளின் தன்மை லாரிக்கு லாரி மாறும் என்பதால், எத்தனை டன்னுக்கு ஒரு சோதனை என்பதும் அதிலேயே இருக்க வேண்டும். பொருள் இலவசமாகக் கிடைத்தாலும் ஏற்றுகூலியும் வண்டிக்கூலியும் உண்டு. மதிப்பீட்டில் தொலைவை உள்ளபடியே காட்டினால், 300 கிலோமீட்டர் தாண்டி வரும் இலவசச் சாம்பல் பக்கத்துக் குவாரியின் கிராவலிடம் தோற்பது உங்கள் மேலதிகாரிக்கே தெரிந்துவிடும். இரண்டு வடகிழக்குப் பருவமழை முடியும்வரை அமிழ்வையும் வெடிப்பையும் அளந்து பதிவேட்டில் எழுத ஒருவருக்குப் பொறுப்புக் கொடுங்கள். நீங்கள் மாறுதலாகிப் போனாலும் அந்தப் பதிவேடு பிரிவு அலுவலகத்திலேயே இருக்கும்படி, ஒரு நகலைக் கோட்ட அலுவலகத்துக்கும் அனுப்பிவையுங்கள்.